எடுத்தது தெரியணும்

டீச்சருடைய குடையை ஒரு பெண் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு மாதம் கழித்து, நெடுமங்காட்டிலிருந்து வித்துராவுக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் அந்தக் குடையைப் பார்த்திருக்கிறார் டீச்சர். பச்சைக் குடை. கைப்பிடியில் இவர் சுற்றிவைத்த கறுப்பு நூல் அப்படியே இருந்தது. பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் இறங்கிய இடத்தில் தானும் இறங்கி, பின்னாலேயே ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்று, மாமியாரும் புருஷனும் பார்த்துக்கொண்டிருக்க, "என்டெ குடையக் கொண்டு வா" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அதற்குள் குடையில் இரண்டு கம்பி ஒடிந்திருந்தது. திரும்பும் வழியில் அதை ரப்பர் தோட்டத்துக்குள் வீசிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தாராம்.

"பிறகு எதுக்கு டீச்சர் அவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டேன்.

"குடை எனக்கு வேண்டாம் மோளே. எடுத்தது அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

இதை அவர் சொன்னது ஏழு வருஷத்துக்கு முன்னால். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில், எங்கள் ஃபிளாட்டின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மகன் கதிரின் பொம்மைகளில் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் கதிரின் முகம் சின்னப் போட்டோவாக இருந்தது.

கதிருக்கு அப்போது நாலரை வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். நான் ஐடி கம்பெனி வேலையைப் பாதி ஆபீஸிலும் பாதி வீட்டிலுமாக இழுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கதிரைக் கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குக் கூட்டிப்போவேன். அவன் கையில் எப்போதும் ஒரு மஞ்சள் டிப்பர் லாரி இருக்கும். மற்ற பிள்ளைகளைப் போல அதை உருட்டி ஓட்டமாட்டான். கவிழ்த்துப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாம் மாடியில் ஹரி என்று ஆறு வயதுப் பையன். நேராக வந்து லாரியை உருவிக்கொண்டு ஓடுவான். கதிர் அழமாட்டான், துரத்தமாட்டான். தன் மணிக்கட்டைக் கடிப்பான். அங்கே தோல் காய்த்துப்போயிருந்தது. ஹரியின் அம்மா பக்கத்து பெஞ்சில்தான் இருப்பாள். திருநெல்வேலிக்காரக் குடும்பம், இரண்டு தலைமுறையாகத் திருவனந்தபுரத்தில் கடை வைத்திருப்பவர்கள். ஃபிளாட் சங்கத்துக்கு அவள்தான் செக்ரட்டரி. வாய் நிறைய "நீங்க, வாங்க" என்பேன். மனதுக்குள் எனக்கு அவள் எப்போதும் அவள்தான்.

"சின்னப் பிள்ளைங்கதானே, கதிர் அம்மா. ஷேர் பண்ணப் பழக்குங்க. அவன் அத வச்சு விளையாடவா செய்யுதான்? சும்மா சக்கரத்தத்தானே சுத்துதான்" என்பாள்.

நானும் பழக்கினேன். எப்படியென்றால், கதிர் லாரியை இறுக்கிப் பிடித்திருக்கும் நாட்களில், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நானே லாரியை எடுத்து ஹரியிடம் கொடுத்தேன்.

டீச்சர் வந்த முதல் நாள் இதைத்தான் பார்த்தார். பேச்சு வராத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பவர் என்று ஆபீஸில் ஒருத்தி நம்பர் கொடுத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், தோளில் ரெக்சின் பை. மாடிக்கு வந்ததும் எனக்கு ஆபீஸிலிருந்து கால் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்து ஃபோனைப் பறித்து, பையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டார்.

"டீச்சர், கால்ல இருக்கேன்."

"நீ நல்ல பிள்ளையல்லே? ஷேர் பண்ணு."

"இல்ல, மேனேஜர் லைன்ல இருக்கார்."

"எப்ப பாத்தாலும் காதுலதானே வச்சிருக்கே. கொஞ்ச நேரம் வேற ஆளு வச்சுக்கட்டும். திருப்பித் தருவேனான்னு கேக்காதே. அதெல்லாம் நல்ல பிள்ளைங்க கேக்காது."

ஒரு மணி நேரம் தரவில்லை. நான் என்ன சொல்லியும் அசையாமல் கதிரோடு தரையில் படுத்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. போகும்போது ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப மனசிலாயோ? உனக்கு வாயிருக்கு, கேட்டே. அவன் எப்படிக் கேப்பான்? மணிக்கட்டத்தான் கடிப்பான்."

அன்று அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் மறுநாள் நானே கூப்பிட்டேன்.

மூன்று கூடை வாங்கச் சொன்னார். ஒன்று கதிருடையது, ஒன்று வீட்டில் எல்லாருக்கும் பொது, ஒன்று டீச்சருடையது. டீச்சர் கூடையில் தன் கண்ணாடியையும் வாட்ச்சையும் கழற்றி வைப்பார். கதிர் கண்ணாடியை எடுத்தால், "டீச்சருடையது" என்று சொல்லி அவன் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துவிட்டு வாங்கிக்கொள்வார். லாரியை எடுத்தால் "கதிருடையது" என்று அவன் கையை அவன் நெஞ்சிலேயே வைப்பார். நெஞ்சில் கைவைத்தால் அது என்னுடையது. இந்த ஒரு சைகைக்கு இரண்டரை மாதம் ஆனது. ஒரு நாள் நான் பெருக்குவதற்காக லாரியை நகர்த்தப்போனேன். கதிர் என்னைப் பார்க்காமலேயே நெஞ்சில் கையை வைத்தான். நான் விளக்குமாறோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இனி கொடுக்கச் சொல்லிக்கொடுக்கலாம்" என்றார் டீச்சர். "தன்டெதுன்னு அறியாதவன் எப்படிக் குடுப்பான்? அது குடுக்கிறதில்ல, பிடிச்சுப் பறிக்கிறது."

கொடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். லாரியை வாங்கி, மூன்று எண்ணி, திருப்பிக் கொடுப்பார். மூன்றுக்கு மேல் ஒரு நொடி கூட வைத்திருக்கமாட்டார். பிறகு ஐந்து. பிறகு பத்து. "திரும்பி வரும்னு நம்பினாத்தான் விடுவான். ஒரு தடவ ஏமாத்தினா போச்சு, மோளே. எல்லாம் முதல்லேர்ந்து." நாலாவது மாதம் கதிர் தானாகவே லாரியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். இருபது வரை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். சிரித்தான். மறுபடி வைத்தான்.

அந்த வாரம்தான் கீழே அது நடந்தது. டீச்சர் ஹரியையும் உட்கார வைத்து முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஹரிக்கு இருபது எண்ணத் தெரியும். கதிர் லாரியை நீட்டினான். ஹரி வாங்கினான். "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தவன் ஏழில் எழுந்து, லாரியோடு லிஃப்டுக்குள் ஓடிவிட்டான். கதிர் லிஃப்டின் முன்னால் போய் நின்றான். கதவு திறக்கும்போதெல்லாம் கையை நீட்டினான். யார் யாரோ வெளியே வந்தார்கள். முக்கால் மணி நேரம் நின்றான். பிறகுதான் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். ரத்தம் வரும்வரை கடித்தான்.

நான் மேலே போய்க் கேட்டேன். செக்ரட்டரி கதவைப் பாதி திறந்து, "எந்த லாரி? இங்க ஒரு கூடை லாரி கெடக்கு. தேடி எடுத்து அனுப்புதேன், நீங்க போங்க" என்றாள். நாலு நாளாகியும் வரவில்லை.

நடந்ததை டீச்சரிடம் சொன்னேன். கதிரின் மணிக்கட்டில் போட்டிருந்த பேண்டேஜை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அவ வீட்டுல மீட்டிங்னு எப்பவாவது ஆள் கூடுமா?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு சங்கத்து கமிட்டி கூடும்."

"ஞாயிற்றுக்கிழமை வரேன்."

எனக்கு அவர் நினைத்தது புரிந்தது. தடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஞாயிறு பதினொன்றே காலுக்கு டீச்சர் ஒரு காலி பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். கதிர், நான், அவர். செக்ரட்டரி வீட்டு ஹாலில் எட்டுப் பேர் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஹரியின் பொம்மைக் கூடை.

"பிள்ளேடெ சாதனம் கொஞ்சம் இங்க இருக்கு. எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் டீச்சர், ரொம்பப் பணிவாக.

செக்ரட்டரி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "அதுக்கென்ன. ஆனா எது யாரோடதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பாவம்."

"தெரியுமான்னு பாப்போமே."

டீச்சர் கதிரின் கையை விட்டார். அவன் யாரையும் பார்க்காமல் கூடைக்குப் போனான். ஐம்பது அறுபது பொம்மைகள் இருக்கும். ஒரு நீல ரயில் பெட்டியை எடுத்தான், நெஞ்சில் கை வைத்தான், பக்கெட்டில் போட்டான். ஒரு மர வாத்து. நெஞ்சில் கை. மூடி இல்லாத ஒரு டப்பா. ஒரு பச்சைப் பந்து. அதெல்லாம் டீச்சர் வருவதற்கு முன்னால் ஒரு வருஷமாகக் காணாமல்போனவை, நானே மறந்தவை. பேட்டரி கார்கள், பாடும் பொம்மைகள் எதையும் தொடவில்லை. நகர்த்தி வைத்துவிட்டு அடியில் தேடினான். கடைசியாக லாரி வந்தது. ஆரஞ்சு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், பசையின் தடம் மட்டும் இருந்தது. ஒரு சக்கரம் இல்லை. கதிர் சக்கரம் இல்லாத இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்தான்.

"இந்த ஸ்டிக்கரக் கிழிச்சது ஆரு?" என்றார் டீச்சர். "ஆறு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு சுத்தமா சுரண்டத் தெரியாது."

செக்ரட்டரியின் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்க விருப்பமும் இல்லை. எதிர் வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

அத்தோடு வந்திருக்கலாம். டீச்சர் வரவில்லை. கூடைக்குப் பக்கத்தில் ஹரியின் பெரிய சிவப்புக் கார் நின்றது. அதைத் தூக்கி, முன் சக்கரத்தைத் திருகித் திருகிக் கழற்றி, சுவரோரம் நின்ற ஹரியின் கையில் வைத்து, "இப்ப செரியாச்சு" என்றார். ஹரி கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தான். அவனுக்கு முதலில் அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு சத்தம் வந்தது.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை உள்ளபடி சொல்லவேண்டும். இனித்தது. ஒரு ஆறு வயதுப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுவதைக் கேட்டு எனக்கு நாக்கில் இனித்தது.

மறு வாரமே சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ன ஆளைக் கேட்டுக்குள் விடக்கூடாது, நடந்ததற்கு நான் மன்னிப்பு எழுதித் தரவேண்டும். நான் எழுதித் தரவில்லை. செக்யூரிட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு டீச்சரை நிறுத்தினார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பேசினோம். கதிர் எங்களுக்கு நடுவில் இருந்தான்.

"ஹரி சின்னப் பிள்ளைதானே டீச்சர்" என்றேன். எனக்கே அதைச் சொல்லத் தகுதி இல்லை.

"என்டெ தம்பியும் சின்னப் பிள்ளையாத்தான் இருந்தான்" என்றார்.

அவர் பிறந்தது வித்துராவுக்கு மேலே மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும் ஒற்றை அறை வீடுகள். அம்மா அப்பா இரண்டு பேரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். தம்பிக்குப் பேச்சு கிடையாது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பேரும் கிடையாது, பொட்டன் என்றார்கள். அவனிடம் ஒரு சைக்கிள் ரிம் இருந்தது. நாள் முழுக்க அதைச் சுழற்றிக்கொண்டிருப்பான். லயத்துப் பையன்கள் அதைப் பிடுங்கி உருட்டிக்கொண்டு போய், பள்ளத்தில் விட்டுவிட்டார்கள். "இவனுக்கு என்ன தெரியப்போகுது" என்றார்களாம். தம்பி மூன்று நாள் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணான டீச்சர் அப்பாவின் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியிருந்த ஃபுட்பாலை மைதானத்தின் நடுவில் வைத்துக் குத்திக் கிழித்தார்.

"அதுக்குப் பிறகு எங்க வாசல் பக்கம் ஒரு பிள்ள வரல்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கேட்டுக்குள் விடாததால் சனிக்கிழமைகளில் நான் கதிரைக் கூட்டிக்கொண்டு வித்துராவுக்குப் போக ஆரம்பித்தேன். சந்தைக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. முதல் நாள்தான் தெரிந்தது, தம்பி அவரோடுதான் இருக்கிறார் என்று. நாற்பது வயது, நரைத்த தாடி, சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. சுவரில் ஒரு நீளப் பலகை முழுக்க அவர் பொருட்கள். அதில் எதையும் யாரும் தொடக்கூடாது. தூசி தட்டுவதென்றாலும் டீச்சர் அவரிடம் காட்டிவிட்டுத்தான் தட்டுவார்.

டீச்சரின் தம்பி கதிருக்கு மாமா. மாமா தரையில் உட்கார்ந்து சைக்கிள் பெல்லின் மூடிகளைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். வழவழவென்று மின்னும் ஏழெட்டு மூடிகள். சிமெண்ட் தரையில் சுற்றும்போது மெல்லிய ஓசை எழும். கதிர் போய்க் குந்தினான். கன்னத்தைத் தரையில் வைத்தான். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு கதிரின் கை நீண்டது.

"தொடாதே. அது மாமன்டெ" என்று டீச்சர் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தார்.

மாமா அக்காவின் கையை விலக்கினார். ரொம்ப மெதுவாக, ஒரு துணியை நகர்த்துவதுபோல. ஒரு மூடியை எடுத்துக் கதிரின் உள்ளங்கையில் வைத்தார். கதிர் சுற்றிவிட்டான். சுற்றி நின்றதும் மாமா எடுத்துக்கொண்டார். கதிர் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகவில்லை. காத்திருந்தான். மாமா சுற்றிவிட்டு மறுபடி அவனிடம் கொடுத்தார். யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் வரை இது நடந்தது.

டீச்சர் அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் போட்டுவந்த சாயா அவர் கையிலேயே ஆறியது.

"இவன்டெ சாதனம் ஒண்ணும் ஒருத்தரும் எடுக்காமப் பாத்துக்கிட்டேன், இத்தன வருஷம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கேட்டு வாங்கவும் ஆரும் வரல்ல" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகி நாங்கள் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை.

ஹரி அந்த நாட்களில் ஐந்தாம் மாடியில் எங்கள் கிரில் கதவுக்கு வெளியே வந்து வந்து நிற்பான். அம்மாவுக்குத் தெரியாமல் வருவான் என்று நினைக்கிறேன். கையில் ஏதாவது கொண்டுவந்திருப்பான். நான் உள்ளே இருந்துகொண்டே, "கதிர் தூங்குறான்" என்பேன். கதிர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு தடவை அப்படி அனுப்பியிருப்பேன். வித்துராவிலிருந்து வந்த மறுநாள் கதவைத் திறந்தேன். கதிர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, லாரியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பச்சைப் பந்தை ஹரியின் பக்கம் உருட்டிவிட்டான். லாரியைக் கடைசிவரை அவனுக்குக் கொடுக்கவே இல்லை. எனக்கு அது சரி என்று பட்டது. டீச்சரிடம் சொன்னபோது அவருக்கும் சரி என்றுதான் பட்டது.

இரண்டு வருஷம் கழித்து டீச்சரும் தம்பியும் தென்காசிப் பக்கம் உறவுக்காரர்களோடு இருக்கப் போய்விட்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஃபோன் செய்வேன். கதிருக்கு இப்போது பதினொன்றரை வயது. டேப்லெட்டில் படத்தைத் தொட்டுப் பேசுகிறான். ஹரி வாரத்துக்கு இரண்டு நாளாவது வருவான். அவன் அம்மா இந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

போன மாதம் வந்தாள். கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. ஹரி ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். அவனைக் கூப்பிட மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். மூட்டுவலிக்காரி, மூச்சு வாங்கியது. வாசலில் நின்று "ஹரி" என்றாள். கதிர் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து ஹாலில் நிறுத்தினான். பிறகு விளையாட்டுக்குப் போய்விட்டான். ஹரி, "இந்த ஒரு ஆட்டம் மட்டும்மா" என்றான்.

அவள் நின்றாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

"கதிர் நல்லா வளந்துட்டான்" என்றாள்.

"ஆமா."

ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

அன்றே டீச்சருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் நிண்ணா?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"மூணு மாடி ஏறி வந்ததுக்குப் பிறகா?"

"ஆமா டீச்சர்."

அவர் சிரித்ததுபோல இருந்தது. பிறகு சொன்னார்: "போதும் மோளே. அடுத்த தடவ வந்தா ஒரு கசேர எடுத்துப் போடு, உக்காரட்டும்."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். போடு."

சரி என்றேன். ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தேன். வாசல் பக்கத்தில், செருப்பு மாட்டும்போது உட்காருவதற்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் கிடக்கும். எழுந்துபோய் அதைத் தூக்கிப் படுக்கையறைக்குள் கொண்டு போட்டேன்.